முதலில் எடுத்த கோப்புறை

பதிகத்தைப் பாதியில் நிறுத்தலாகாது என்பது எனக்குள் ஊறிப்போன ஒழுக்கம். பத்துப் பாட்டும் ஓதி, பலன் சொல்லும் கடைசிப் பாட்டையும் முடித்த பிறகே எழ வேண்டும். அந்த ஒழுக்கமே என் கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்தது.

அன்று காலைப் பூசையில், வழக்கம்போல் பாகூர் நண்பரின் பாட்டைக் கணினியில் ஓடவிட்டிருந்தேன். மூன்றாம் பாட்டில் பெட்டிக்குள் டிக் டிக்கென்று ஓர் ஒலி எழுந்தது. நான்காம் பாட்டில் குரல் திக்கியது. அப்போதே அணைத்திருக்க வேண்டும். முடியட்டும் என்று கைகூப்பி அமர்ந்திருந்தேன். பதிகம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் கணினி எழவே இல்லை.

நண்பர் கரும்பு பயிரிடுபவர். வில்லியனூரில் சிவன் கோயில் மண்டபத்தில் ஒன்பது ஆண்டுகள், ஞாயிறுதோறும் அவர் பாடுவார். நான் பொருள் சொல்வேன். இரண்டையும் நானே பதிவு செய்து கணினியில் சேர்த்துவைப்பேன். அவருக்குச் சொற்களைப் பிரிக்கத் தெரியாது. ஒரு சொல்லை இரண்டாக உடைத்துப் பொருளைக் கொன்றுவிட்டு, அந்த இடத்திலேயே உருகி நிற்பார். மண்டபமும் உடன் உருகும். நான் வாய் திறந்ததும் கண்கள் பிரசாதத் தொன்னையைத் தேடும். ஒருமுறை தூணுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னதைக் கேட்டேன்: "பாட்டு முடிஞ்சிடுச்சிடி. இனிமே பேச்சுதான். வா, வூட்டுக்குப் போலாம்."

ஆயினும் விடியலில் இறைவன் திருமுன் அமரும்போது எனக்கும் அவர் குரலே வேண்டியிருந்தது. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் கொண்டேன்.

சென்ற ஆண்டு அவர் தொண்டையில் அறுவை செய்தார்கள். குரல் போயிற்று, மூச்சுக்காற்றில்தான் பேசுகிறார். செய்தி கேட்டு அழுதேன். அழுகையின் அடியில், இனி ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே என்று ஒரு குளிர்ச்சி ஓடியதை மறைக்க மாட்டேன். அவர் பாட்டு முழுதும் இருந்தது என் கணினியில் மட்டுமே.

மூலக்குளத்தில் கணினி பழுது பார்க்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். என் கணினியில் ஓடும் லினக்ஸ் தெரிந்தவர் என்பதால் அவரிடம் கொண்டுபோனேன். டிஸ்க்கைத் தம் கணினியில் இணைத்து, காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் வந்தப்புறமும் யாருனா ஓட்டுனாங்களா ஐயா?"

"நான்தாம்மா. பதிகத்தைப் பாதியில நிறுத்தக் கூடாது."

"அது டிஸ்க்குக்குத் தெரியாதுங்களே" என்றவர், கருந்திரையில் ஏதோ தட்டினார். "முறையாப் பாத்தா மொத்தத்தையும் அப்படியே நகலெடுத்துட்டு, அப்புறம் பிரிக்கணும். இது அதுவரைக்கும் தாங்காது. பெரிய ஃபோல்டர் ரெண்டு தெரியுது. பாட்டுன்னு ஒண்ணு, உரைன்னு ஒண்ணு. எது மொதல்ல?"

"உரை" என்றேன். சங்கல்பம் செய்யும்போதுகூட நான் அத்தனை விரைவாக விடை சொன்னதில்லை.

என் ஞாயிறுகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. பிற்பகலுக்குள் உரை முழுதும் வந்துவிட்டது. அடுத்துப் பாட்டு. ஏழு பதிகங்கள் வந்தன. எட்டாவதில் டிக் டிக் ஓங்கியது. திரையில் பிழைச்செய்திகள் வரிவரியாக இறங்கின. ஆறவைத்து இருமுறை முயன்றார். "அவ்ளோதான் ஐயா" என்று கம்பியைக் கழற்றினார்.

பாகூருக்குச் சென்று நேரில் சொன்னேன். நண்பரின் மனைவிதான் கேட்டார்.

"இன்னாண்ணே, அல்லாம் பூடுச்சா?"

"ஏழு பதிகம் கிடைச்சுதும்மா."

"உங்க பேச்சு?"

"அது வந்துடுச்சு."

"ரெண்டும் ஒரே டிஸ்க்குலதான இருந்துச்சி?"

"எந்தப் பக்கம் கெடாம இருக்குதோ, மிஷின் அத எடுக்கும்" என்றேன். திருநீறு பூசிய நெற்றியோடு சொன்னேன்.

நண்பர் என் கையைப் பற்றிக் காற்றுக் குரலில் சொன்னார்: "உங்களுது வந்துச்சே. அது போதும்யா."

அந்தப் பெருந்தன்மையிலும் அவரே என்னை வென்றார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் முதல் பாட்டின் முதலடிக்குத் திரும்பி, அதை ஒருமுறை பாடி நிறைவு செய்வது எங்கள் வழக்கம். ஒன்பது ஆண்டுகளும் அந்த அடிக்கு நான் காத்திருந்ததில்லை. பேசும் அவசரத்தில் அவர் பாட்டின் பதிவை நிறுத்தி, என் உரைக்கான பதிவைத் தொடங்கிவிடுவேன். அதனால் மீட்டெடுத்த என் உரை ஒவ்வொன்றும் அவர் குரலில்தான் தொடங்குகிறது: ஓர் அடி, ஒரு மூச்சு, பிறகு என் கனைப்பு.

மண்டபத்தார் அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். அடி முடிகிறது, கண்களைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் கனைத்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த பதிவுக்குப் போகிறார்கள்.