காலில் இல்லாத செருப்பு

"சாயங்காலத்துக்குள்ள நாலு பேரு இத்த போட்டுப் பாத்துட்டு நல்லாகீதுன்னு சொல்லணும். இல்லாங்காட்டி இந்த ஆப்பு நமக்கு வேணாம் சார்" என்றார் நடேசன். செங்கல்பட்டில் செருப்புக் கடை வைத்திருப்பவர். நாங்கள் அப்போதுதான் கடைக்குள் நுழைந்திருந்தோம். அவர் கொடுத்த டீயை நான் குடித்துக்கூட முடிக்கவில்லை.

அப்போது நான் படூரில் ஒரு சின்ன கம்பெனியில் சீனியர் டெஸ்டர். எங்கள் ஆப்பைத் திறந்து போன் கேமராவைக் காலுக்கு நேரே பிடித்தால், பிடித்த செருப்பு காலில் மாட்டிய மாதிரி திரையில் தெரியும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். அதற்கு புரோகிராம் எழுதியவர், என்னோடு வந்திருந்த ஃபாத்திமா. இரண்டு வருட உழைப்பு. நடேசன்தான் முதல் வாடிக்கையாளர். அவர் வேண்டாம் என்றால் புராஜெக்டையே மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். ஃபாத்திமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆபீஸில் ஆப் அமர்க்களமாக ஓடியது. மெட்டி போட்ட கால், மருதாணி வைத்த கால், வெடிப்பு விழுந்த கால் என்று ஒன்றையும் விடாமல் டெஸ்ட் செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஆனால் கடைக்கு வந்த பெண்கள் அவரவர் போனில் ஆப்பைத் திறந்தார்கள், 'போனைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டு செல்லவும்' என்ற வரியைப் படித்தார்கள், மூடிவிட்டார்கள். "வேணாம் சார், செருப்பையே குடு, போட்டுப் பாத்துக்கிறேன்" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்து மழுப்பிவிட்டு நழுவினார்.

"இன்னா சார், ஒருத்தரும் தொடமாட்டேன்றாங்க?" என்றார் நடேசன்.

"நேத்து நான் மாத்துன கோடிங்தான் கெடுத்துடுச்சு போல சார்" என்று ஃபாத்திமா என்னிடம் கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு என் மேலேயே கோபம். கண்ணெதிரே கோளாறு நடக்கிறது, அது எங்கே என்று தெரியவில்லை. டெஸ்டருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

அடுத்து வந்தவர் திருவிடந்தையைச் சேர்ந்த செல்வி. இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்ப்பவர். போனைப் பாதி தூரம் கீழே கொண்டுபோனவர், வெடுக்கென்று மேலே இழுத்து முந்தானையால் துடைத்தார். நான் விடவில்லை.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"போன்ல எங்க ஊரு பெருமாள வெச்சிகிறேன். அவர எடுத்துனு போயி கால்கிட்ட காட்டச் சொல்றியே, இன்னா ஆளு சார் நீ!"

கடையே சிரித்தது. நடேசன் தன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் லட்சுமி படம். ஃபாத்திமா கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். அதில் மக்கா.

"சார், நானே என் போன்ல இத ஒரு தடவகூட போட்டுப் பாக்கல. கம்பெனி போன்லயேதான் பாத்தேன்" என்றார்.

நானும் அப்படித்தான். கம்பெனி டெஸ்ட் போன்களில் சாமியும் கிடையாது, பிள்ளைகுட்டி படமும் கிடையாது. வெறும் நீலத் திரை. அவற்றைக் காலடியிலேயே வைத்தாலும் யாருக்கும் உறுத்தாது.

செல்வி பையைக் கடையிலேயே வைத்துவிட்டு, "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன், அதுக்குள்ள சரி பண்ணு" என்று கிளம்பினார். ஃபாத்திமா ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். போன் இடுப்பு உயரத்திலேயே இருக்கட்டும், கேமரா ஜூம் செய்துகொள்ளட்டும் என்பது அவர் யோசனை. கேட்க எளிது. முதலில் செருப்பு கணுக்காலில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் ஒரு காலுக்கு மட்டும் வந்தது. நான் செருப்பில்லாமல் கடை முழுக்க நடந்து நடந்து காட்டினேன். நடேசன் முறைத்துக்கொண்டேதான் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஃபாத்திமா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் செல்வி வந்தார். பழைய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, போனை இடுப்புக்கு நேரே பிடித்தார். "இவ்ளோ தூரம்னா பெருமாளு கோச்சிக்க மாட்டாரு" என்றார். பச்சை வார் வைத்த செருப்பு இரண்டு காலிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் காலைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. "ஐய, சூப்பரா கீதே!" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நடேசனிடம் காட்டக் கல்லாப் பக்கம் நடந்தார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் மாலை போட்ட சாமி படங்கள். அங்கே வந்ததும் செல்வி நின்றார். வலது காலை ஒரு உதறு, இடது காலை ஒரு உதறு. செருப்பைக் கழற்றிவிட்டார். காலில் இல்லாத செருப்பை!

அப்புறம்தான் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நாலு பேரு வேணாம் சார்" என்றார் நடேசன். "இந்த ஒரு ஆளு போதும்."

ஃபாத்திமா அழுதுகொண்டே சிரித்தார். ஆறிப்போன பிரியாணியை அப்போதுதான் பிரித்தார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் போனில் ஓடினால் பாதி வேலைதான் முடிந்தது. உங்கள் சொந்தப் போனை எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். கை கூசினால், அதையும் ஒரு கோளாறாக, ஒரு 'பக்' என்று எழுதுங்கள்.