மந்தைவெளியிலிருந்து தெப்பக்குளம் வரை, தனியாக

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மந்தைவெளியில் என் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டேன். போக வேண்டிய இடம் மயிலாப்பூர் தெப்பக்குளம். தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடப்பவர்கள் இதைப் பயணம் என்றே சொல்லமாட்டார்கள். சிறுவயதில் போலியோ வந்த எனக்கு, நாற்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தனிப்பயணம். இதுவரை ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து, யாராவது தூக்கி உட்காரவைத்துத்தான் போயிருக்கிறேன். நடைபாதை அப்போதும் இருந்தது. சக்கர நாற்காலி அதில் ஏறாது.

இப்போது ஏறுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு அமைப்பு ஒன்று தெருவை அளந்து வரைபடம் போட்டது. மாநகராட்சி பாதையை அகலப்படுத்தி முனைதோறும் சாய்தளம் கட்டியது. வியாபாரிகள் சங்கம் கடைப்படிகளைத் தன் செலவில் இடித்து உள்ளே தள்ளிக்கொண்டது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் நடந்த சண்டைகளில் நானும் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். கடைசிவரை மறுத்தவர் பாத்திரக்கடை காதர் பாய். "படிய எடுத்துட்டா என் கடைக்கு எவன்மா ஏறுவான்?" என்று என்னிடமே கேட்டார்.

முதல் சாய்தளம் வந்தது. மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். ஏறிவிட்டேன். பைக்குகளைத் தடுக்க நட்டிருந்த கம்பங்களுக்கு நடுவே நாற்காலி உரசாமல் புகுந்தது. டீக்கடை, பூக்கடை, மருந்துக்கடை எல்லாம் என் வேகத்தில் பின்னால் போயின.

பாதி வழியில் தண்ணீர் கேன்கள் பாதையை அடைத்துக் கிடந்தன. இறக்கிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் ரோட்ல எறங்கிப் போய்க்கோம்மா" என்றார். சாலையில் பேருந்து ஒன்று ஓரத்தை ஒட்டிச் சீறிப் போனது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"எறங்க மாட்டேன். இது நான் போற வழி. கேனை எடுங்க" என்றேன். என் குரலா அது!

பக்கத்திலேயே தன் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த காதர் பாய் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாபா, அவங்க நின்னுக்கினு கீறாங்க, நீ பாத்துக்கினு கீறே? என் படிய இடிச்சு வுட்ட வழி அது. உன் கேனுக்கா வுட்டேன்?" என்று வந்து, தானே இரண்டு கேன்களை நகர்த்தினார்.

"கடைக்கு யாராவது ஏறுறாங்களா பாய்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா ஏறுறாங்க? நேரா உள்ளயே வந்துர்றாங்க. வயசானவங்க கூட்டம்தான் இப்ப ஜாஸ்தி" என்று வெட்கத்துடன் சிரித்தார்.

தெப்பக்குளத்தின் கம்பி வேலியருகே நாற்காலியை நிறுத்தினேன். தண்ணீரில் கோபுரம் லேசாக அசைந்துகொண்டிருந்தது. தோள்கள் வலித்தன. கண் கலங்கியது, துடைக்கவில்லை.

பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த செல்வம் ஓடிவந்தார். என்னைப் பல வருடம் ஆட்டோவில் தூக்கி வைத்தவர். "இன்னா மேடம், யார் இட்டாந்தது?" என்று என் முதுகுக்குப் பின்னால் தேடினார்.

"நானேதான் வந்தேன்."

"டேய், மேடம் தனியா வந்துகீறாங்கடா!" என்று ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினார். யாரோ விசிலடித்தார்கள்.

வீட்டில் எனக்கு வேண்டியதெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும், அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே ஒவ்வொன்றையும் நானே தேடிப் போகவேண்டும். அந்த அலைச்சல் எவ்வளவு இனிப்பானது என்று இத்தனை வயதில்தான் தெரிந்தது.

இங்கிருந்து திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் லஸ் முனைவரை பாதை போட்டிருக்கிறார்கள் என்று செல்வம் சொன்னார். வெயில் இன்னும் ஏறவில்லை. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினேன்.