சட்டைப் பைக்குள் அணில்

இவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. கொக்குவில் வீடு நிறைய ஆட்கள். நான் குத்துக்கல் போல ஒரு மூலையில் இருந்தேன்.

"அழுங்கோ மச்சாள், அடக்கி வைச்சால் நெஞ்சை அடைச்சுப்போடும்" என்றாள் இவருடைய தங்கை. அடக்கி வைக்க உள்ளே ஏதாவது இருந்தால்தானே?

இவருடைய அணில் மட்டும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. போன வருஷக் காற்றில் தென்னையிலிருந்து விழுந்த குஞ்சு அது. பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து இவர்தான் வளர்த்தார். இவருடைய சட்டைப் பைதான் அதற்கு வீடு. அதில் எப்போதும் ஒரு துண்டு பிஸ்கட் இருக்கும். நான் எதைக் கொடுத்தாலும் வாங்காது. சமைத்துப் போடுகிறவள் நான், செல்லம் அவருக்கா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

இவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, இவருக்குப் பிடித்ததெல்லாம் செய்து, அறைக்குள் வாழையிலையில் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினோம். திறந்தபோது பயற்றம் பணியாரம் ஒன்று ஓரத்தில் குறைந்திருந்தது.

"அண்ணை வந்திட்டார்!" என்று மச்சாள் குழறி அழுதாள். வீடே அழுதது. நான் குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னப் பல் அடையாளங்கள். கதவைச் சாத்துமுன் அணில் எங்கே என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வர முடியாத மகன் கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா வந்தவரோ அம்மா?"

"ஓமடா, வந்தவர்" என்றேன். அவன் அங்கே விம்மி அழுதான். எனக்குப் பொய் சொன்ன குற்ற உணர்வுகூட வரவில்லை.

பின்னேரம் எல்லோரும் போன பின் அந்த அறையில் இருந்தேன். ஆணியில் தொங்கிய சட்டையில் அணில் ஏறி, பைக்குள் புகுந்து, வெறுமனே வெளியே வந்தது. மறுபடியும் புகுந்து பார்த்தது. பிறகு இறங்கி என் காலடியில் வந்து நின்றது. அதற்குத் துக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லாத இடத்தில் தேடிவிட்டு, இருக்கிற இடத்துக்கு வந்தது. செத்த வீட்டுக்கு வந்து புத்தி சொன்ன இத்தனை பேரில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

மச்சாள் இவருடைய படத்தடியில் பக்குவமாய் எடுத்து வைத்திருந்த அந்தப் பணியாரத்தைப் பிட்டு நீட்டினேன். முதன்முதலாக என் கையிலிருந்து வாங்கியது.

மீதியை வாயில் போட்டேன். அழுகை வரவில்லை. பசித்தது.