தேங்காய்க் களத்தில் காயப்போட்ட படகு

தொண்ணூறுகளில் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து ஃபைபர் சாமான்கள் செய்துகொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி, கூலர் பெட்டி, மில் கேன்டீன் நாற்காலி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஏரியில் படகு சவாரிக் குத்தகை எடுத்தவர் வந்து, "படகு செய்வீங்களா?" என்று கேட்டார். நான் கடலைப் பார்த்ததே பள்ளிக்கூட டூரில்தான். "அதுக்கென்னங்க, செஞ்சுபோடலாம்" என்றேன்.

செய்தும் போட்டேன். வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் மஞ்சள் ஃபோம். எடை குறைவு, முங்கவே முங்காது என்று பீற்றிக்கொண்டேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் படகு லாரியில் திரும்பி வந்தது. ரெண்டு பேர் தூக்கியதை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

"முங்கலீங்க, அது நெசந்தான்" என்றார் குத்தகைக்காரர். "ஆனா குடிச்சவனாட்டம் ஒரு பக்கமாச் சாயுது. பொங்கலுக்குச் சனம் வரும். அதுக்குள்ள சரி பண்ணுங்க, இல்லீன்னா நீங்களே வெச்சுக்குங்க."

ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டக் டக்'. மூக்குப் பக்கம் போனதும் 'தொப் தொப்'. குனிந்து பார்த்தால் அங்கே நான் வைக்காத ஒரு சாமான்: மாட்டு லாடம். நாலு ஆணி, நாலும் தோலைத் துளைத்து ஃபோமுக்குள்.

"இது என்னங்க?"

"திருஷ்டிக்குங்க. புதுவண்டிக்கு லாடம் அடிக்காம ஆராச்சும் ஓட்டுவாங்களா? காங்கேயம் காளை லாடமாக்கும்!"

அந்த நாலு ஓட்டை வழியாக ஏரி உள்ளே குடிவந்திருந்தது. என் கவலை ஏரியைப் பற்றியல்ல. படகுக்குள்ளேயே தண்ணீர் போகிறது என்று பரவினால், என் தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் என்று எவன் நம்புவான்? ஷெட்டைச் சாத்த வேண்டியதுதான். சாத்தினால் எங்கே போவேன் என்பதும் தெரியும். காங்கேயத்தில் என் மாமனார் எண்ணெய் மில் வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று அங்கே ஒரு மேசை காலியாகக் கிடந்தது.

சேதி கேட்டு அவரே வந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"ஈரந்தானுங்க மாப்பிள்ளை? நம்ம களத்துல போடுங்க. தேங்காயே காயுது, இது காயாதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உள்தோலில் துளைகள் போட்டு, படகை அவர் களத்தில் தேங்காய்ப் பருப்புக்கு நடுவே கவிழ்த்தேன். துளைகளிலிருந்து ஏரித் தண்ணீர் பழுப்பாகக் கொஞ்சம் ஒழுகி, அன்றே நின்றுபோனது. மாமனார் பருப்பைக் கிளறச் சொல்லும்போதெல்லாம் படகையும் புரட்டச் சொன்னார். பருப்புக்குப் பூஞ்சை பிடிக்காமல் போடுகிற கந்தகப் புகையை இதற்கும் போடலாமா என்றுகூடக் கேட்டார். சாயங்காலமானால் படகை மில் தராசில் ஏற்றுவோம். பருப்பு எடை குறைந்தது. படகு, மாமியார் வீட்டுக்கு விருந்து வந்த மாப்பிள்ளை மாதிரி, ஒரு கிலோ குறையவில்லை.

ஒருநாள் திடீர் மழை. களத்தில் இருந்த அத்தனை பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பருப்பை நோக்கி ஓடினார்கள். அப்போதுதான் புரட்டி மல்லாக்கப் போட்டிருந்த படகு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மழை விட்டபோது அதற்குள் குளம் மாதிரி தண்ணீர்; ஒரு கோழி கால் நனையாமல் இருக்க விளிம்பில் ஏறி நின்றது.

"பரவால்லீங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "திரும்பக் காயவெச்சுக்கலாம். இங்கயே இருந்து பாத்துக்குங்க."

அந்த 'இங்கயே'தான் என்னை உலுக்கியது. அன்றே கட்டிங் மிஷினை எடுத்து உள்தோலை அறுத்துத் திறந்தேன். மேலாக ஃபோம் காய்ந்திருந்தது. விரலை விட்டு அழுத்தினால் ரசகுல்லா. நுரைக்குள் அறை அறையாகத் தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் கதவு சாத்தியிருந்தது. வெயிலுக்கு என்ன தெரியும் பாவம், எனக்கே தெரியவில்லை. நனைந்ததையெல்லாம் உளியால் சுரண்டிப் போட்டு, புது ஃபோம் வைத்து, மூக்கில் மட்டும் கெட்டி மரக்கட்டை பதித்து, மேலே கண்ணாடி இழை விரிப்பும் ரெசின் பசையுமாகப் பூசி மூடினேன். எவன் எதை அடித்தாலும் இனி அந்தக் கட்டையில் அடிக்கட்டும். அறுத்த கண்ணாடி இழைத் தூள் கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒட்டிக்கொள்ள, நான் பேசும்போதே சொறிந்தேன், சொறியும்போதே திட்டினேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஏரியில் இறக்கினோம். குத்தகைக்காரர் ஒரு ஓரமாக ஏறி நின்று குதித்தார். படகு லேசாக அசைந்து, நேராக நின்றது.

"இப்பத்தானுங்க படகு" என்றார்.

கரையில் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப நீங்க வரமாட்டீங்க" என்றார் கடைசியில். "அந்த மேசைக்கு வேற ஆளத்தான் பாக்கோணும். நேத்துத்தான் மேல புதுசா ஒரு ஃபேன் மாட்டுனேன்."

நான் முதுகுக்குப் பின்னால் கை எட்டாத ஓர் இடத்தைச் சொறிய முயன்றுகொண்டிருந்தேன்.

"பெரிய ஃபேனுங்களா மாமா?" என்று கேட்டேன்.