ஆறாம் நம்பர் ஷூ

ஆஸ்பத்திரி வாசலில் காவல் நிற்கும் அக்காவுக்குக் கால் கட்டைவிரல் நகம் கருத்து இரண்டு மாதமாகிறது. சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியிருந்தார்கள். டியூட்டி முடிந்து, கம்பெனி கொடுத்த அதே ஷூவோடு நாலு சுற்று நடப்பாள். அந்த நடைதான் நகத்தைத் தின்கிறது என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.

டாக்டரம்மா நகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு ஷூவை நெடுநேரம் பார்த்தார். "பாவம், நடை என்ன பண்ணும்? ஷூ சின்னது. அடிக்கு அடி நகம் போய் முட்டுது. விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் வேணும்மா."

வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில் ஆறு என்று எழுதியவள் அவள்தான். அப்புறம் இரண்டு பிள்ளை பெற்று, இருபத்திரண்டு வருடம் நின்று நின்று பாதம் அகன்றுவிட்டது. படிவத்தில் மட்டும் ஆறு ஆறாகவே இருந்தது. வருடா வருடம் அதுவே வந்தது, அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நுழைத்தாள்.

கம்பெனியில் ஷூ எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரரிடம் போய் நின்றாள். "ஏழு குடுங்கண்ணே."

"படிவத்துல ஆறுன்னு இருக்கே. மாத்த மேலதிகாரி கையெழுத்து வேணும். அவர் எப்ப வருவாரோ, எனக்கே தெரியாது."

"அதுக்காக என் காலை வெட்டிக்கவா?"

அவர் மேசைக்கடியிலிருந்து தன் காலை நீட்டினார். அதே கம்பெனி ஷூ. முனையை வெட்டி எடுத்திருந்தார். காலுறைக்குள் ஐந்து விரலும் சாவகாசமாகக் காற்று வாங்கின.

சண்டைக்கு வந்தவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"கத்தி எங்கண்ணே?"