தாழிக்குள் விட்ட பால்

காரைக்காலில் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துப் பிழைப்பவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. போன வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தும் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். இந்தக் கரையில் முதன்முதலாகக் குடியேறிய மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆராய்கிறவர். பட்டினச்சேரி மணல்மேடு, தூர்ந்துபோன ஆற்றுத்தடம், வயலில் கிடக்கும் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் எல்லாவற்றையும் அவருக்காகப் படம் எடுத்தேன். எலும்பு மட்டும் கிடைக்கவே இல்லை.

"ஒரே ஒரு பல்லு கிடைச்சா போதும்ணே. அவங்க யாருன்னு பல்லுல இருக்கற மரபணுவே சொல்லிடும்" என்பார்.

சித்திரையில் விழிதியூரில் குளம் வெட்டும்போது, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய தாழி ஒன்று தட்டுப்பட்டது. வயல்காரர் எனக்குத்தான் போன் செய்தார். நான் அந்த அம்மாவுக்குச் சொன்னேன்.

"காலையில வந்துடறேன். படம் மட்டும் எடுத்து வைங்க. தொட்டுடாதீங்கண்ணே."

போய்ப் பார்த்தேன். மண்வெட்டி பட்டு மூடி பெயர்ந்திருந்தது. உள்ளே மண்டை ஓடு, தாடை, அதில் வரிசை குலையாத பற்கள்.

"என்னங்க, மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லலையா?" என்றார் வயல்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் சொல்லி அழக்கூட ஆளில்லாத மனிதர். அப்படியே படம் எடுக்கக் கை வரவில்லை.

"கொஞ்சம் பால் கிடைக்குமாங்க?"

"எதுக்கு, உங்களுக்கா?"

"இல்லீங்க, இவங்களுக்கு."

செம்பில் கறந்த பால் வந்தது. தாடையிலிருந்த மண்ணை விரலால் துடைத்தேன். நெற்றியில் விபூதி இட்டேன். சிவசிவா என்று வாயில் பால் விட்டேன். அதற்குப் பிறகுதான் கேமராவை எடுத்தேன்.

மறுநாள் அந்த அம்மா தாழியருகில் குந்தினார். பால் புளித்து நாறியது. பற்களின் மேல் எறும்பு வரிசை போனது.

"யாருண்ணே இப்படி?"

"நான்தாம்மா."

அவர் திட்டவில்லை. "உங்க கை பட்டிருக்கு, பால் ஊறியிருக்கு. இனிமே எது அவரோடது, எது உங்களோடதுன்னு பிரிக்கிறது கஷ்டம்."

"கழுவிடட்டுமாம்மா?"

"வேணாம்ணே. இருக்கறதும் போயிடும்."

இருந்தாலும் ஒரு பல்லைச் சோதனைக்கு அனுப்பினார். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. ஒன்றும் சொல்ல முடியவில்லையாம். படமாவது சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். விபூதி இல்லாத படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இப்போதும் படம் எடுக்கக் கூப்பிடுகிறார். வண்டியில் ஏறும்போது, "செம்பு எதுவும் எடுத்துக்கிட்டு வரலையேண்ணே?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.