முகர்ந்த தும்பை

பூக்கிறுக்கு எனக்கு எப்போது பிடித்தது என்று தெரியாது. பாளையங்கோட்டைக் கச்சேரியில் ஆறு நாள் குமாஸ்தா வேலை. ஏழாம் நாள் களக்காட்டு மலையடிவாரம். எந்தப் பூவைக் கண்டாலும் குனிவேன், பூதக்கண்ணாடியில் பார்ப்பேன், முகர்வேன், ஒரு கொப்பை ஒடித்துப் பழைய காகிதக் கட்டுக்குள் வைத்து உலர்த்துவேன். வீட்டில் துணிமணி வைக்க இடமில்லை. என் மனைவி அதற்குக்கூட முகம் சுளித்ததில்லை.

எங்கள் மகளுக்கு இரண்டு வயதில் விடாத காய்ச்சல் கண்டது. கஷாயமும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக் கொயினா மருந்தும் கேட்கவில்லை. ஒரு மண்டலம் சிவனுக்குத் தும்பைப்பூ சாத்துவதாக மனைவி நேர்ந்துகொண்டாள். விடியலில் ஆற்றங்கரையில் பறித்துக் கோயிலில் கொடுப்பது என் பொறுப்பு. "மோந்து பாத்துராதிய, சாமிக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னாள். அதுகூடத் தெரியாதவனா நான் என்று எரிந்து விழுந்தேன்.

இருபது நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. காய்ச்சலும் இறங்கியிருந்தது. மறுநாள் தாமிரபரணி மணல்மேட்டில், வெள்ளைத் தும்பைகளுக்கு நடுவே ஒரு செடியின் பூவில் லேசாக நீலம் ஓடியிருந்தது. கண்ணாடியை எடுத்தேன். மூக்கு தானாகப் பூவுக்குள் போய்விட்டது. தும்பைக்கு மணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்கே என் புத்தி அப்படிப் போயிற்று. வேறு பூப் பறிக்க நேரமில்லை, கச்சேரிக்கு நாழியாகிவிட்டது. அதையே குருக்களிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பிள்ளையின் நெற்றியை நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்தேன். மனைவி அடுத்த நாளிலிருந்து சோற்றை விட்டுவிட்டாள். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் மோர். நாலாம் நாள் பிள்ளையைத் தூக்கும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். இவளும் போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் வாய் திறந்தேன். முகர்ந்தது நான், நீ எதற்குப் பட்டினி கிடக்கிறாய் என்றேன்.

அவள் குரல் உயரவில்லை.

"அன்னைக்கே தெரியும். உங்க மீசையில பூ ஒட்டிட்டு இருந்துச்சு. நீங்க செஞ்சதுக்குத்தான் பட்டினி கெடக்கேன்."

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மனைவி மண்டலத்தை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினாள். பூப் பறிக்க அவளே போனாள், என்னை அனுப்பவில்லை.

வேறு பூப் பறிக்க நேரமில்லை என்றேன் அல்லவா? அந்த நீலத் தும்பையில் ஒரு கொப்பை ஒடித்து மடியில் வைத்துக்கொள்ள மட்டும் நேரம் இருந்தது. அது இன்னும் என் காகிதக் கட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.